சாகாத மட்டி

கரோல் பாக்கில் தங்கிப் படிக்கும் நம்மவர் பலருக்குப் பூசா என்பது பேருந்து வழியில் வரும் ஒரு பெயர். பீகாரில் பூசா என்னும் ஊரில் இருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்தபின், 1936இல் ஊர்ப் பெயரையும் சுமந்துகொண்டு நமக்குப் பக்கத்தில் குடியேறியது. அங்கே 1962இல் எஸ். பிரதான் என்னும் பூச்சியியல் அறிஞரும் உடன் பணியாற்றியோரும் வேப்பங்கொட்டையை அரைத்து நீரில் கரைத்துப் பயிரில் தெளித்துப் பார்த்தனர். வெட்டுக்கிளிகள் வந்து இறங்கின. ஆயினும் பயிரைத் தின்னவில்லை. பூச்சி சாகாமலே பயிர் பிழைத்தது.

கொல்லாமலே ஓர் உயிரைப் பட்டினி போடலாம் என்பது நமக்கு நன்மையாயிற்று. அதே விளைவு நாம் நினையாத இடத்திலும் நிகழ்கிறது. விலங்கியல் பயிலும் எனக்கு அதைக் காட்டியது குளத்து மட்டி. (அறிவு குறைந்தவனை மட்டி என்று ஏசுகிறோமே, அதற்கு என்ன காரணமோ!)

லாமெல்லிடென்ஸ் என்னும் இந்த நன்னீர்ச் சிப்பி, வடக்கிலும் தெற்கிலும் குளங்களிலும் ஆறுகளிலும் சேற்றில் பாதி புதைந்து கிடப்பது. நீரைச் செவுள்வழி இழுத்து, பாசித் துகளை வடித்து உண்ணும், மூச்சுவிடுவதும் அவ்வழியே. வயலில் தெளித்த மருந்து மழைநீரோடு வந்தால் ஓட வழியின்றி ஓட்டை மூடிக்கொள்ளும்.

மருந்தின் நஞ்சை அளப்போர், சோதனை உயிர்களில் பாதி சாகும் அளவைப் பார்ப்பர். பெரும்பாலும் நான்கு நாள் கணக்கு. கதவடைத்துக் கிடக்கவல்ல மட்டி இத்தேர்வில் எளிதில் தேறிவிடும். உள்ளே நடப்பது வேறு. உணவும் காற்றும் இன்றிச் சேமிப்பிலிருந்த கிளைக்கோஜனைச் செலவிடுகிறது. அதனால் சேரும் அமிலத்தைத் தணிக்கத் தன் ஓட்டின் சுண்ணாம்பையே கரைக்கிறது. கூரையைப் பிடுங்கி அடுப்பெரிக்கும் கதைதான்.

எப்படியும் ஒரு நாள் திறந்தாக வேண்டும். நரம்பு தசைக்கு இடும் கட்டளையை அசிட்டைல்கோலின் என்னும் பொருள் கொண்டுசெல்கிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைக்கும் நொதியை மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் முடக்குகின்றன. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து ஓடை ஒன்றில் 1990இல் மட்டிகள் கூட்டமாக மடிந்தன. அவற்றின் மூடுதசையில் இந்நொதியின் செயல் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. அங்கே செத்ததால் ஆராய்ந்தனர். சாகாத இடத்தில் யார் ஆராய்வார்?

மட்டியின் குஞ்சு, மீனின் செவுளிலோ துடுப்பிலோ சிலகாலம் ஒட்டி வாழ்ந்தால்தான் மட்டியாகும். இளைத்த தாய்க்குக் குஞ்சு குறையும். மட்டி பல்லாண்டு வாழ்வது. ஆகவே கிழட்டு மட்டிகள் நிறைந்திருக்க, அடுத்த தலைமுறையே இல்லாமலும் போகலாம். கரையில் நிற்பவருக்குக் குளம் நன்றாகவே தோன்றும்.

வேளாண்மையில் டி.டி.டி.க்கு 1989இலும், எண்டோசல்பானுக்கு 2011இலும் இந்நாட்டில் தடை வந்தது. வேண்டிய தடைகளே. ஆயின் புதிய மருந்துகளுக்கு மீனையும் நீர்த்தெள்ளையும் சோதிப்பதோடு மட்டியையும் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து. நான்கு நாள் போதாது. ஒரு பருவம் முழுதும் வைத்து, எவ்வளவு நீர் வடித்தது, குஞ்சு ஈன்றதா என்று பார்க்கவேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் குளக்கரையில் கிடக்கும் ஓடுகளைக் கவனியுங்கள்: பெரியவற்றோடு நகமளவு ஓடுகளும் இருக்கின்றனவா?