இட்லித் துணியும் லண்டன் சாக்கடையும்

தலையணை உறையைத் துவைக்கப் போடும்முன் உள்பக்கத்தை வெளியே திருப்புகிறோம். கையை உள்ளே விட்டு அடி மூலையைப் பிடித்து இழுத்தால், உறை தன்னையே விழுங்கிக்கொண்டு மறுபக்கத்தைக் காட்டும். இதே காரியத்தை நூறு மீட்டர் நீளத்துக்கு, தரைக்குக் கீழே, இருட்டில் செய்தால் என்ன கிடைக்கும்? புதுச் சாக்கடைக் குழாய் கிடைக்கும். அதுவும் தெருவில் ஒரு கடப்பாரை விழாமல்.

கிழக்கு லண்டனில் ஹாக்னி என்ற பகுதி. அங்கே மார்ஷ் லேன் சாக்கடை என்று ஒன்று. செங்கல் கட்டுமானம், 1971-ல் அதற்கு ஏறத்தாழ நூறு வயது. உயரம் 1175 மில்லிமீட்டர், அகலம் வெறும் 610. அதன் குறுக்குவெட்டு முட்டை வடிவம், கூர்முனை கீழே. அந்தக் காலப் பொறியாளர்களின் சாமர்த்தியம் இது. மழையில்லாத நாளில் ஓடும் சொற்ப நீரும் குறுகலான அடியில் ஒடுங்கி வேகமெடுக்கும்; கசடு தங்காது. மழை கொட்டினால் அகன்ற மேல்பகுதி இடம் கொடுக்கும்.

சாமர்த்தியமான வடிவம்தான். ஆனால் பழுதானால் தலைவலி. வட்டக் குழாயை உள்ளே செருகினால் பாதி இடம் வீணாகும். தோண்டியெடுக்கலாம் என்றால் மேலே சாலை, சாலைக்கடியில் தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்கம்பி. எரிக் வுட் என்ற பொறியாளர் வேறு மாதிரி யோசித்தார். குழாயைக் குழாயாக ஏன் கொண்டுபோக வேண்டும்? துணியாகக் கொண்டுபோவோம், உள்ளே போனபின் குழாயாக்குவோம். 1971-ல் பிசினில் ஊறிய துணிக் குழலை அந்தச் சாக்கடைக்குள் 70 மீட்டருக்கு இழுத்து, ஊதி விரித்து, சுவரோடு ஒட்டி இறுக விட்டார்கள். 'இருந்த இடத்திலேயே' என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்து முறைக்கு 'இன்சிட்டுஃபார்ம்' என்று பெயரிட்டார் வுட். நாம் 'இடத்தில் இறுகும் குழாய்' என்று வைத்துக்கொள்வோம்.

நுட்பத்துக்குள் போகுமுன் நோயைக் கொஞ்சம் பார்க்கலாம். அழுக்கு நீர் ஓடும் அடிப்பகுதிதானே முதலில் அரிக்கும் என்று தோன்றும். கான்கிரீட் குழாயில் நடப்பது நேர்மாறு. நீருக்கடியில் படியும் வழவழப்பான படலத்தில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடுகின்றன. வாயு மேலே ஏறி, ஈரம் பூத்த கூரையில் ஒட்டுகிறது. அங்கே வேறொரு பாக்டீரியாக் கூட்டம் அதைத் தின்று கந்தக அமிலம் கக்குகிறது. அமிலம் பட்ட கான்கிரீட் ஜிப்சமாகி, நனைந்த சுண்ணாம்புபோல் உதிர்கிறது. நீர் தொடாத கூரைதான் கரைகிறது. மேலே போகிறவர்களுக்கு இது தெரிவது, சாலை திடீரென்று உள்வாங்கும் அன்றைக்குத்தான்.

இனி வைத்தியம். முதலில் சக்கரம் வைத்த கேமரா ஒன்று குழாய்க்குள் ஊர்ந்துபோய், விரிசல் எங்கே, வேர் எங்கே நுழைந்திருக்கிறது, எந்த வீட்டுக் குழாய் எத்தனையாவது மீட்டரில் வந்து சேர்கிறது என்று குறித்துக்கொண்டு வரும். பிறகு அதிவேக நீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள். மேலிருந்து வரும் கழிவுநீரை பம்ப் வைத்து அடுத்த மேன்ஹோலுக்குத் திருப்பிவிடுவார்கள்.

இதற்கிடையே தொழிற்கூடத்தில் துணி ஊறிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கும் ஃபெல்ட் துணியின் அண்ணன் அது: பாலியெஸ்டர் இழைகளை ஊசியால் குத்திக் குத்திக் கோத்த தடித்த குழல், வெளிப்புறம் நீர் புகாத மெல்லிய பூச்சு. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டுப் பிசினை ஊற்றி, கரும்பு ஆலை உருளைபோல் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினால், பிசின் இழைக்கு இழை பரவிவிடும். அந்தக் கணத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். பிசினில் இறுகவைக்கும் வேதிப்பொருளும் கலந்தாயிற்று. சூடு பட்டால் கதை முடிந்தது. அதனால் குழலை மீன்போல ஐஸில் வைத்தோ, குளிரூட்டிய லாரியிலோ கொண்டுவருவார்கள். 300 மில்லிமீட்டர் குழாய்க்கு 6 மில்லிமீட்டர் தடிமன், 100 மீட்டர் நீளம் என்றால் எடை அரை டன்னைத் தாண்டும்.

இவ்வளவு கனமான, பிசுபிசுத்த சாமானைத் தரதரவென்று இழுத்தால் கிழியும், பிசின் வழியும். இங்கேதான் தலையணை உறை வருகிறது. முதல் வேலையில் இழுத்துத்தான் போட்டார்கள். திருப்பிவிடும் முறை பின்னால் வந்து நிலைத்தது. மேன்ஹோலுக்கு மேல் சாரம் கட்டி, குழலின் வாயை வெளிப்புறமாக மடித்து ஒரு வளையத்தில் இறுக்கி, மடிப்புக்குள் தண்ணீர் விடுவார்கள். ஐந்து மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால், 300 மில்லிமீட்டர் வட்டத்தின்மேல் அது தரும் அழுத்தம் ஏறத்தாழ 350 கிலோ. அதாவது ஏழு அரிசி மூட்டை. அந்த விசையில் குழல் உள்வெளியாகப் புரண்டுகொண்டே முன்னேறும். சுவரில் எங்கும் உரசாது. பாய் விரிவதுபோல் விரிந்து படியும். பிசின் ஊறிய பக்கம் பழைய சுவரை நோக்கி ஒட்டிக்கொள்ள, வெளியே இருந்த வழவழப்பான பூச்சு உள்பக்கமாகிவிடுகிறது. ஒரே புரட்டலில் இரண்டு வேலை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

இப்போது குழாய்க்குள் சுமார் 7,000 லிட்டர் தண்ணீர் நிற்கிறது; கிட்டத்தட்ட ஒரு சிறிய தண்ணீர் லாரி. அதை பாய்லர் வண்டி வழியாகச் சுற்றவிட்டு 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள். இட்லித் தட்டில் துணி விரித்து மாவு ஊற்றுகிறோம். மாவு குழியின் வடிவத்தை எடுத்துக்கொண்டு ஆவியில் இறுகுகிறது. இங்கே தட்டு, பழைய சாக்கடை. மாவு, பிசின். துணியை மட்டும் உரிப்பதில்லை. சில இடங்களில் நிஜமாகவே ஆவியில்தான் வேகவைக்கிறார்கள். சில மணி நேரத்தில் பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோலாகிவிடும். வெந்த முட்டையைப் போல இனித் திரும்ப முடியாது. பிறகு மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு வடித்தால் குழாய் சுருங்கிவிடும்.

பென்சில் தடிமன்கூட இல்லாத இந்தத் தோல், நிலத்தடி நீர் மூன்று மீட்டர் உயரத்துக்கு வெளியே நின்றால் சதுர மீட்டருக்கு மூன்று டன் அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். தாங்குகிறது, வடிவமைப்பதே வழக்கமாக ஐம்பது ஆண்டுக்கு. விட்டம் 300-லிருந்து 288 ஆகிறதே, நீர் குறையாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் குறுகியதால் பத்து சதவீதம் போகிறது. ஆனால் சொரசொரப்பும் மூட்டுகளும் போய் உள்சுவர் வழவழத்துவிடுவதால், போனது திரும்பக் கிடைத்துக் கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது.

ஒரு சிக்கல் பாக்கி. புதுக் குழாய் விரிசலை மட்டுமா மூடியது? தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டுக் குழாயின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டது. அதனால்தான் அன்றைக்குத் தண்ணீரைக் குறைவாகப் புழங்கும்படி வீடு வீடாகச் சொல்லிவைப்பார்கள். இறுகியபின், நுனியில் சுழலும் வெட்டுக்கத்தியோடு ஒரு ரோபோ உள்ளே போகும். வீட்டுக் குழாய் சேரும் இடத்தில் புதுச் சுவர் கன்னக்குழிபோல் லேசாக உள்வாங்கியிருக்கும். மேலே வண்டியில் திரையைப் பார்த்தபடி ஒருவர் அந்தக் குழியைத் தேடிப் பிடித்து, பொத்தானை அழுத்தி வட்டமாக வெட்டித் திறப்பார். ஒன்றைத் தவறவிட்டால் போதும், அந்த வீட்டுக் கழிவறை மறுநாள் சொல்லிவிடும்.

எல்லாம் சரியாகவே நடக்கும் என்றில்லை. பாதி வழியில் பிசின் இறுகிவிட்டால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பிசினில் உள்ள ஸ்டைரின், பெயின்ட் கடை நெடி அடிக்கும். ஆவி முறையில் வெளிவரும் வெண்புகை வெறும் நீராவி அல்ல, அதில் வேதிப்பொருள் துளிகளும் கலந்திருக்கின்றன என்று 2017-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொழிலாளர்களும் அக்கம்பக்கத்தாரும் அதைச் சுவாசிக்காமல் காப்பது ஒப்பந்ததாரரின் கடமை. தோண்டாததால் மிச்சமான பணத்தில் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கத்தான் வேண்டும். இப்போது சில இடங்களில் வெந்நீரே இல்லாமல், கண்ணாடி இழைக் குழலைக் காற்றால் ஊதி, புற ஊதா விளக்குகளைக் கோத்த ஒரு சின்ன ரயிலை உள்ளே விடுகிறார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் அது நகர, பின்னால் குழாய் கல்லாகிக்கொண்டே வருகிறது.

மார்ஷ் லேனில் பதித்த முதல் குழாயிலிருந்து, இருபது ஆண்டு கழித்து, 1991-ல் துண்டு வெட்டியெடுத்துச் சோதித்தார்கள். தேறியது.