முதிய வானூர்திகள்

காஞ்சிமாநகருக்கு மேற்கே, சென்னையினின்று பெங்களூருக்குச் செல்லும் பெருவழியை ஒட்டிப் பாலுசெட்டி சத்திரத்தின் அருகே அமைந்துள்ளது திருப்புட்குழி என்னும் எம்மூர். புள் என்பது பறவை. இராவணனோடு பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவே என்பது தலவரலாறு. விசயராகவப் பெருமாள் கோயிலும், அதன் முன்னுள்ள சடாயு தீர்த்தமும் அவ்வரலாற்றை இன்றும் நினைவூட்டி நிற்கின்றன. இவ்வரலாற்றில் நாம் சிறப்பாக நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வானத் தேரை வழிமறித்த சடாயு இளம்பறவை அன்று. ஆண்டு பல கண்டு முதிர்ந்த பறவை. முதுமையிலும் அது பறந்தது என்பதே அதன் பெருமை.

பறவைக்கு முதுமை உண்டாயின், பறவையைப் பார்த்து மனிதன் இயற்றிய வானூர்திக்கும் முதுமை உண்டன்றோ? முதிர்ந்த வானூர்தியை என் செய்வது? உடைத்து உலோகமாக விற்பதா, கூடத்தில் நிறுத்திக் காட்சிப்பொருளாக்குவதா, அன்றி மீண்டும் வானிற் செலுத்துவதா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாடுகளில் மூன்றாம் வழியைக் கைக்கொண்டோர் பலர். பழைய விமானங்களை உடையோர் குறித்த நாளில் தத்தம் ஊரினின்று அவற்றைத் தாமே ஓட்டிவந்து ஒரு திடலில் இறங்குவர். பொதுமக்கள் அவற்றைச் சுற்றிவந்து கண்டும், உடையவரோடு உரையாடியும் மகிழ்வர். இத்தகைய கூட்டத்தை ஆங்கிலேயர் 'ஃபிளை-இன்' என்பர். அமெரிக்க நாட்டில் 1953-ஆம் ஆண்டு பால் போபெரெஸ்னி என்பார் தோற்றுவித்த விமானச் சங்கத்தின் கூட்டம் இவற்றுட் பெயர்பெற்றது. தொடக்கத்தில் மில்வாக்கி நகரில் சிறிய அளவில் நடைபெற்ற இது, 1970-ஆம் ஆண்டு முதல் ஆஷ்காஷ் என்னும் ஊரில் நிலைபெற்றுள்ளது. பல்லாயிரம் விமானங்கள் அங்கு வந்து இறங்குகின்றன. இங்கிலாந்தில் ஓல்டு வார்டன் என்னும் சிற்றூரில் 1909-ஆம் ஆண்டு செய்யப்பட்ட பிளேரியோ விமானம் ஒன்று இன்றும் உயிரோடிருக்கிறது. காற்றடங்கிய பொழுதில், ஓடுபாதையின் மேலே சிறிது தூரம் மட்டும் அதனை எழுப்பி இறக்குவர்.

நம் நாட்டில் இவ்வழக்கம் வேரூன்றவில்லை. எனினும் அதற்கு நெருங்கிய காட்சியொன்றைச் சென்னை மாநகர் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் கண்டது. இந்திய விமானப்படையின் 92-ஆம் ஆண்டு நிறைவையொட்டி மெரினாக் கடற்கரையின் மேலே நடைபெற்ற காட்சியில், ஒலியினும் விரைந்து செல்லும் போர் விமானங்களுக்கு இடையே டக்கோட்டா, ஹார்வர்டு என்னும் இரு முதிய விமானங்களும் பறந்தன. இளையவை இடிமுழக்கத்தோடு தோன்றி மறைய, முதியவை அமைந்த குரலோடு, காண்போர் நின்று நோக்க இடந்தந்து சென்றன.

இவற்றின் வரலாற்றைச் சிறிது காண்போம். டக்கோட்டாவின் மூலவடிவமாகிய டி.சி.3 முதன்முதற் பறந்தது 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள். ரைட் சகோதரர் பறந்த நாளினின்று சரியாக 32 ஆண்டுகள் கழிந்த நாள் அது. இரண்டாம் உலகப்போரில் படைவீரரையும் பண்டங்களையும் சுமக்க இவ்வகை விமானங்கள் பத்தாயிரத்திற்கு மேல் செய்யப்பட்டன. 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் நம் படைவீரரை ஸ்ரீநகரில் கொண்டு இறக்கியவை டக்கோட்டாக்களே. மெரினாவில் பறந்த டக்கோட்டாவின் பெயர் 'பரசுராமா'. பழுதுற்றுக் கிடந்த அதனை ராஜீவ் சந்திரசேகர் விலைக்கு வாங்கிச் செப்பனிடுவித்து, 2018-ஆம் ஆண்டு விமானப்படைக்கு நன்கொடையாக அளித்தார். அவர் தந்தையார் விமானப்படையில் டக்கோட்டா ஓட்டியவர். அவ்விமானம் கப்பலேறி வரவில்லை. இங்கிலாந்தினின்று நாடுகள் பல கடந்து தானே பறந்து இந்தியா வந்து சேர்ந்தது.

விமானப்படை பேணிவரும் மற்றொரு முதிய விமானம் 'டைகர் மாத்'. 1931-ஆம் ஆண்டு முதற்பறப்பை நிகழ்த்திய இவ்வகையில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. நம் நாட்டு இளைஞர் பலர் பறக்கக் கற்றதும் இதிலேதான். நீண்டகாலம் உறங்கிக்கிடந்த ஒன்றைச் செப்பனிட்டு, 2012-ஆம் ஆண்டு விமானப்படை நாளன்று மீண்டும் பறக்கவிட்டனர்.

டைகர் மாத்தின் அமைப்பு காஞ்சிப் பக்கத்தாராகிய நமக்கு மிகவும் உவப்பளிப்பது. ஏனெனில் அதன் இறக்கை துணியால் ஆயது. மரத்தாற் செய்த நெடுங்கழிகளின் மீது விலாவெலும்பு போன்ற மெல்லிய சட்டங்களைப் பொருத்தி, அவற்றின் மேலும் கீழும் நெருங்க நெய்த துணியைப் போர்த்துவர். மெழுகு தோய்த்த நூலால் ஒவ்வொரு சட்டத்தோடும் அத்துணியை இடைவெளி அளந்து தைப்பர். பின்னர் 'டோப்' எனப்படும் ஒருவகைப் பூச்சினைப் பலமுறை பூசுவர். அது காயுந்தோறும் துணி சுருங்கி இறுகி, மத்தளத் தோல் போல் விறைத்து நிற்கும். வெயில் பட்டால் துணி நலியுமாதலின், அலுமினியப் பொடி கலந்த பூச்சினை அதன்மேல் இடுவர். பாவுக்குக் கஞ்சியிட்டு, இழைக்கு விறைப்பேற்றும் நெசவாளர்க்கு இச்செய்கையின் கருத்தை விளக்க வேண்டுவதில்லை. விரலால் தட்டி, எழும் ஓசையைக்கொண்டே துணியின் நிலையை அறிவர் கைதேர்ந்தோர். அவ்வோசை எத்தகையதாயிருத்தல் வேண்டும் என்பதை எந்நூலிலும் எழுதிக் காட்டல் அரிது.

இதனை இயக்குவதும் ஒரு தனிக்கலை. டைகர் மாத்துக்கு மின்விசையால் பொறியை எழுப்பும் கருவி கிடையாது. ஒருவர் முன்னின்று சுழல்விசிறியைக் கையாற் சுழற்றி, பொறி உயிர்த்ததும் விரைந்து விலகுதல் வேண்டும். சக்கரங்களுக்குத் தடைக்கருவி இல்லை. தரையில் நிற்கையில் மூக்கு உயர்ந்தும் வால் தாழ்ந்தும் இருத்தலின், ஓட்டுபவர்க்கு நேர்முன்னே உள்ளது புலப்படாது. பாம்பு நெளிவது போல் வளைந்து வளைந்து சென்றே வழி காண்பர். ஹார்வர்டு, டக்கோட்டா ஆகியவற்றில் உருளைகள் பூவிதழ் போல் வட்டமாக அமைந்த பொறிகள் உள்ளன. ஹார்வர்டுக்கு ஒன்பது உருளைகள். டக்கோட்டாவின் ஒவ்வொரு பொறிக்கும் பதினான்கு. வாளாவிருக்கும் காலத்தில் எண்ணெய் கசிந்து கீழுருளைகளில் தேங்கும். அதனை உணராது பொறியை எழுப்பின் உள்ளுறுப்பு முறியும். ஆதலின் முதலில் விசிறியைக் கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பர். தடை தோன்றின் நிறுத்தித் தேங்கியதை வடித்த பின்னரே மேற்செல்வர். இவை ஒவ்வொன்றும் ஒருவர் செய்ய மற்றவர் அருகிருந்து கண்டு பயின்ற அறிவாகும்.

தமிழ் கற்பார்க்கு இவ்விடத்தில் சீவக சிந்தாமணி நினைவுக்கு வரும். சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான். செய்வித்ததோடு அமையாது, அதனைச் செலுத்தும் முறையை விசயைக்கு முன்னரே பயிற்றுவித்தான். பகை சூழ்ந்த நாளில் அவள் உயிரும், கருவிலிருந்த சீவகன் உயிரும் பிழைத்தது பொறியினால் மட்டுமன்று, பயிற்சியினாலுமாம். பொறி இருந்தும் அறிவார் இலராயின் அது வெறும் மரமும் உலோகமுமே.

நம் மாநிலத்திலும் இவ்வறிவுக்கு ஒரு மரபு உண்டு. சென்னையில் உணவு விடுதி நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பார் 1910-ஆம் ஆண்டிலேயே தாம் வகுத்த விமானத்தை இந்நகரத்தார் காணப் பறக்கவிட்டார். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியினின்று அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொணர்ந்தபோது, அத்தபாலை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தவர் நெவில் வின்சென்ட். அந்நிகழ்ச்சியின் பொன்விழாவாகிய 1982-ஆம் ஆண்டில், டாட்டா தமது 78-ஆம் வயதில் பழைய 'லெப்பர்டு மாத்' ஒன்றில் கராச்சி முதல் பம்பாய் வரை மீண்டும் பறந்தார். முதிய விமானத்தை முதியவர் ஓட்டிய அக்காட்சியை, இளைஞர் மனத்தில் ஊக்கம் பிறத்தல் வேண்டும் என்னும் கருத்தோடு அவர் நிகழ்த்தினார் என்பர்.

இனி மறுப்பாரின் கூற்றையும் நாம் நடுநின்று கேட்டல் வேண்டும். முதிய விமானங்களைப் பறக்கவிடுதல் தீங்கற்ற விளையாட்டன்று. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் சுவிட்சர்லாந்து மலைகளில் 'யுங்கர்ஸ் 52' என்னும் பழைய விமானம் வீழ்ந்து, அதிலிருந்த இருபதின்மரும் மாண்டனர். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் டாலஸ் நகரில், காட்சி நடுவே இரு பழைய போர் விமானங்கள் மோதி அறுவர் இறந்தனர். மெரினாக் காட்சியின்போது வானில் ஒரு குறையும் நேரவில்லை. ஆயினும் நிலத்தில் கூடிய பல லட்சம் மக்களிடையே, கடும் வெயிலில் பலர் மயங்கி வீழ்ந்தனர். ஐவர் உயிர் நீத்தனர். காண வந்தோர்க்கு நிழலும் நீரும் திரும்பிச் செல்ல வழியும் அமைத்தல், பறப்போர்க்கு ஓடுபாதை அமைத்தலினும் சிறியதொரு கடமையன்று. கூட்டம் என்பதும் ஒரு பொறியே. அதனை இயக்கவும் பயின்றோர் வேண்டும்.

வேறொரு மறுப்பும் உண்டு. பறக்கும் விமானத்தில் துணி, குழாய், பொறியுறுப்பு ஆகியன தேயத் தேய மாற்றப்படும்; ஆண்டுகள் செல்லச் செல்லப் பழமை எஞ்சுவது எங்ஙனம் என்பர். இதற்கு விடை நம் தேர்களிடத்து உளது. திருவாரூர் ஆழித்தேர் தீக்கிரையாகி 1930-ஆம் ஆண்டளவில் புதிதாகச் செய்யப்பட்டது. பின்னர் நெடுங்காலம் ஓடாது நின்று, 1970-ஆம் ஆண்டு மீண்டும் ஓடலாயிற்று. அது வேறு தேர் என்று எவரேனும் சொல்வரோ? வடம் பிடிப்போரும், முட்டுக்கட்டை இடுவோரும் தொடர்ந்து இருத்தலின் தேரும் தொடர்கின்றது.

ஆதலின் எமது துணிபு இதுவாம். ஒரு வகையில் எஞ்சியது ஒன்றேயாயின் அதனைப் பறக்கவிடாது கூடத்தில் காத்தல் தகும், இழந்தால் மீளாதாகலின். பல எஞ்சியவிடத்து, ஒரு சிலவேனும் பறத்தல் வேண்டும். கூடத்தில் நிற்பது வடிவத்தைக் காக்கும். பறப்பது வடிவத்தோடு கைத்திறனையும் காக்கும்.

இதன் உண்மைக்கு எம்மூர்க் கோயிலே சான்று தருகின்றது. அங்கே கீல்குதிரை எனப்படும் மரக்குதிரை வாகனம் ஒன்றுளது. உறுப்புகள் கீல்களால் இணைக்கப்பட்டமையால் அது உயிருள்ள குதிரை போல் அசைந்து வரும். அதனைச் செய்த தச்சர், இதுபோல் மற்றொன்று செய்வதில்லையென உறுதிபூண்டு, அவ்வுறுதியிலேயே உயிர் துறந்தார் என்றும், அவரைச் சிறப்பிக்கவே திருவிழாவில் பெருமாள் அவர் பெயரால் அமைந்த வீதிக்கு எழுந்தருளுகிறார் என்றும் பெரியோர் கூறுவர். அவ்வுறுதி போற்றத்தக்கதே. ஆனால் அக்கலை அவரோடு நின்றுவிட்டதன்றோ?

காஞ்சித் தறிகளிலும் இக்கவலை இன்று எழுந்துள்ளது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக, மூன்று நாடாக்களால் இருவர் கூடி நெய்யும் கோர்வைச் சேலையை நெய்ய அறிந்தார் குறைந்து வருகின்றனர். துணைக்கு அமர்ந்து நாடா எறியும் இளையோர் இல்லாவிடத்து, முதியவர் கையறிவு எவர்க்குச் சேரும்? பழஞ்சேலையைக் கண்ணாடிப் பேழையில் வைத்தல் எளிது. அதனை நெய்யும் ஒருவரை உருவாக்குதலே அரிது.

கல்லூரி மாணவராகிய நம்மால் டக்கோட்டாவை வாங்கல் இயலாது. விடுமுறையில் ஊர் செல்லுங்கால், தறியிலோ தச்சுப் பட்டறையிலோ முதியவர் ஒருவர் அருகில் ஒருநாள் அமர்ந்து, அவர் செய்வதைக் கண்டும் கேட்டும் எழுதிவைத்தல் இயலும். அவர் இசைவாராயின் கைவைத்துப் பழகலும் இயலும். ஒரு விமானம் வானில் எழுகையில் அதனோடு எழுவது அதனை அறிந்தோரின் அறிவு. அவ்வறிவை ஏற்க ஓர் இளங்கை நீளும் வரையில், முதிய பறவை எதுவும் குழிக்குரியதன்று.