போடிமெட்டு ஏறும் பழைய பைக்: சைலன்சரை விடுங்க, பிரேக்கைப் பாருங்க!

பொட்டிபுரம் என்றதும் பலருக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். போடிநாயக்கனூர் பக்கம் பைக் வைத்திருப்பவர்களைக் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும்: 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஏறும் போடிமெட்டு சாலை. அதில் அப்பா வைத்திருந்த புல்லட்டையோ யமஹா ஆர்எக்ஸ் 100-ஐயோ தட்டி எடுத்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை இப்போ பலருக்கு இருக்கு. வண்டி கைக்கு வந்ததும் முதல் செலவு என்ன? சத்தம் போடும் சைலன்சர்!

மலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சட்டச் சிக்கல் மட்டும் உண்டு. கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு; 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

ஏறும்போது மேலே காற்று அடர்த்தி குறையும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, வழக்கம்போல பெட்ரோலை ஊற்றும். வண்டி திணறும், பிளக் கறுக்கும். இதற்காக மேலேயே பெட்ரோலைக் குறைத்து ட்யூன் செய்துவிட்டு அப்படியே போடிக்கு இறங்கினால், கீழே இன்ஜின் சூடேறும். தினமும் ஏறி இறங்குபவர்கள் கீழே வைத்த ட்யூனிங்கோடு கொஞ்சம் திணறலைப் பொறுத்துக்கொள்வதே நல்லது.

உண்மையான சோதனை இறங்கும்போதுதான். பழைய வண்டிகளில் பெரும்பாலும் டிரம் பிரேக். வளைவுக்கு வளைவு அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. புல்லட் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக்கில் எந்த கியரில் ஏறினீங்களோ அதே கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடித்துக் கொடுக்கும். ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக். அந்தப் பிடிப்பு அதில் குறைவு. இன்னொரு வம்பும் இருக்கு. ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுபவர்கள் சிலர். த்ராட்டிலை மூடியபடி நீண்ட தூரம் இறங்கினால் பெட்ரோலோடு ஆயிலும் குறையும், பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இருப்பது ஒரே சிலிண்டர், அது நின்றால் பின் சக்கரமும் பூட்டிக்கொள்ளும். அதுவும் வளைவில் நடந்தால்? அதனால் பம்பைக் கழற்றாதீங்க. கழற்றிய வண்டி என்றால், இறங்கும்போது கிளட்சைப் பிடித்து அவ்வப்போது த்ராட்டிலை லேசாகத் திருகுங்க. காசு செலவழிப்பதென்றால் புது பிரேக் ஷூ, கேபிள், நல்ல டயர். இவை போட ஆர்டிஓ ஆபீஸ் படியேற வேண்டியதில்லை.

வாங்கும் முன் ஆர்சியைப் பாருங்க. 15 வருடம் முடிந்த பைக்குக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். வண்டியில் அடித்திருக்கும் இன்ஜின், சேஸிஸ் எண்களை ஆர்சியோடு ஒத்துப் பாருங்க. ஒரு எண் மாறியிருந்தாலும், வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அட்வான்ஸ் கொடுக்காதீங்க.