குளிர்தான் எமன்

நாலு குட்டி போட்ட பூனை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒன்று மட்டும் அட்டைப்பெட்டி மூலையில் விறைத்துக் கிடக்கும். ராத்திரிகூடப் பால் குடித்ததே என்று மனசு ஆறாது. "நீ தொட்டுத் தூக்கியதால்தான் தாய் ஒதுக்கிவிட்டது" என்று வீட்டுப் பிள்ளைமேல் பழி விழும். அது பெரும்பாலும் அநியாயமான பழி. அடிக்கடி தொந்தரவு செய்தால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு இடம் தேடும், உண்மைதான். ஆனால் பழகிய கை பட்டதற்காக அது குட்டியைக் கைவிடுவதில்லை.

பிறக்கும்போது குட்டியின் எடை சுமார் 100 கிராம். கண் திறக்கவே 7 முதல் 14 நாள் ஆகும். குளிரில் நாம் நடுங்குகிறோமே, அந்த நடுக்கம்கூட முதல் வாரத்தில் அதற்கு வராது. தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தால்தான் சூடு. சற்று விலகிப் போனால் உடம்பு குளிரும், குடல் இயக்கம் மந்தமாகும், காம்பைப் பிடித்துச் சப்பத் தெம்பிருக்காது. குடிக்காததால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மேலும் குளிரும். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இப்படி வாடிப்போக வேறு காரணங்களும் உண்டு. பிறவிக் குறை, தொற்று, முதல் நாளில் சீம்பால் கிடைக்காதது. சீம்பாலே எமனாவதும் உண்டு: பி வகை ரத்தமுள்ள தாய்க்கு ஏ வகைக் குட்டி பிறந்தால், சீம்பாலிலுள்ள எதிர்ப்பொருள்கள் குட்டியின் சிவப்பணுக்களை அழிக்கும். இதில் தாய்மேலும் குற்றமில்லை, வீட்டார்மேலும் இல்லை.

இறந்த குட்டியைத் தாய் நக்கிக்கொண்டே இருக்கலாம், தின்றுவிடவும் கூடும். அதைக் கொடூரம் என்று திட்டாதீர்கள், படுக்கையைச் சுத்தமாக வைக்கும் இயல்பு அது. சற்று நேரம் முகர விட்டு, பிறகு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். பிள்ளை அழுதால் அழட்டும்.

மிச்சமுள்ள மூன்றையும் கவனியுங்கள். குட்டி சில்லிட்டிருந்தால் உடனே பால் புகட்டக் கூடாது, செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அருகில் வைத்து, மெதுவாகச் சூடேற்றிய பிறகே பால். அதுவும் பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும்; பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு விற்கிறது. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஒரு நாள் ஏறவில்லை என்றாலும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.