இணையம் நின்றாலும் வேலை நிற்காதிருக்க: எல்லைப்புறத் தமிழர்கள் மேகச் சேமிப்பையும் அலுவலக மென்பொருளையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டிய பகுதிகளில் மொழிபெயர்ப்பு, டிடிபி, கணக்கு எழுதுதல், புகைப்படம், இணையவழிப் பாடம் போன்ற பணிகளை வீட்டிலிருந்தோ சிறு கடையிலிருந்தோ தனியாகச் செய்து வருவோர் பலர். அவர்களது உழைப்பு முழுவதும் கோப்புகளாகவே இருக்கிறது. அக்கோப்புகளை எங்கே சேமிப்பது, எந்த மென்பொருளில் உருவாக்குவது என்ற கேள்வி, நகரத்தில் இருப்பவரைவிட மலையோரத்தில் இருப்பவருக்குப் பெரிய கேள்வியாகும்.

எங்கு அதிக இடம் இலவசமாகக் கிடைக்கிறது என்று பார்த்தே பலரும் தேர்ந்தெடுக்கின்றனர். மின்சாரமும் இணையமும் அடிக்கடி தடைபடும் இடத்தில் அதைவிட முதலில் பார்க்க வேண்டியது வேறொன்று உண்டு. இணைப்பு அறுந்த நாளில் கோப்பு கையில் இருக்குமா, அதை அனுப்பி வைத்தால் மறுமுனையில் இருப்பவரால் பிழையின்றித் திறக்க முடியுமா என்பதே அது.

இரு மாநிலம், இரு மொழி

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் ஆகிய பாலக்காட்டுப் பகுதிகளும், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய இடுக்கி வட்டங்களும் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழும் பகுதிகள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடம் அளிக்கிறது. எனினும் அன்றாட அலுவலகப் பணிகள் பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் நடைபெறுகின்றன. அதனால் மனு, நில ஆவணம், சான்றிதழ் ஆகியவற்றை மொழிமாற்றித் தருவதே இங்கு ஒரு தொழில்.

வாடிக்கையாளர்களும் இரு பக்கமும் உள்ளனர். கொழிஞ்சாம்பாறையில் இருப்பவருக்குக் கோவையிலிருந்தும், மூணாறில் இருப்பவருக்குப் போடிநாயக்கனூரிலிருந்தும் வேலை வரலாம். ஏலக்காய் மின்னணு ஏலம் இடுக்கியின் புற்றடியிலும் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும் நடைபெறுவதால், ஏல வணிகரின் கணக்கை எழுதுபவர் இரு ஊர்ப் பட்டியல்களையும் ஒரே நேரத்தில் கையாள வேண்டியுள்ளது.

மலைப்பகுதியில் தொடர்பு அறுவது புதிதன்று. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது மூணாறு வெளியுலகத் தொடர்பின்றித் தனித்து நின்றது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ராஜமலைக்கு அருகிலுள்ள பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மீது மண் சரிந்து 70 பேர் உயிரிழந்தனர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாததால் அந்தச் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே தெரிய வந்தது. உயிரையே காக்க உதவாமல் தொடர்பு அறுந்துபோகும் நிலப்பகுதியில், பிழைப்புக்கான கோப்புகளை அத்தொடர்பை மட்டுமே நம்பி வைப்பது சரியாகாது.

இலவச இடத்தின் அளவு

கிளவுட் எனப்படும் மேகச் சேமிப்பகம் என்பது, வேறோர் இடத்தில் உள்ள நிறுவனத்தின் கணினிகளில் வாடகைக்கோ இலவசமாகவோ பெறும் இடமே. கூகுள் டிரைவ் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது. ஆனால் ஜிமெயில், கூகுள் போட்டோஸ் ஆகியவையும் அதே 15 ஜிபியைப் பகிர்ந்து கொள்கின்றன. மைக்ரோசாப்டின் ஒன்டிரைவும் ஆப்பிளின் ஐகிளவுடும் தலா 5 ஜிபியும், டிராப்பாக்ஸ் 2 ஜிபியும் இலவசமாக அளிக்கின்றன.

எழுத்துக் கோப்புகள் மட்டும் கையாளும் மொழிபெயர்ப்பாளருக்கு 5 ஜிபியே பல ஆண்டுகளுக்குப் போதும். திருமணப் புகைப்படம் எடுப்பவருக்கு 15 ஜிபி ஒரே நிகழ்ச்சியில் நிரம்பிவிடக் கூடும்.

பதிவேற்ற வேகத்தையும் கணக்கிட வேண்டும். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு ஜிபியை மேலேற்ற ஏறத்தாழ 67 நிமிடம் ஆகும். 15 ஜிபியை ஏற்ற இடைவிடாமல் 16 மணி நேரத்துக்கு மேல் தேவைப்படும். புகைப்படக்காரர் மூலப்படங்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்து முடித்த படங்களை மட்டும் மேகத்தில் ஏற்றுவதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

இலவசக் கணக்குகளுக்கு நிபந்தனைகளும் உண்டு. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் பணியை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. கூகுள் போட்டோஸில் அளவின்றி இலவசமாகப் படங்களைச் சேமிக்கும் வசதியும் 2021 ஜூன் 1 முதல் முடிவுக்கு வந்தது. இன்று கிடைக்கும் சலுகை நாளையும் தொடரும் என்று எண்ணித் தொழிலைத் திட்டமிடுதல் ஆகாது என்பதற்கு இவை சான்றுகள்.

ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு

மேகத்தில் ஏற்றிவிட்டால் கோப்பு பாதுகாப்பாகிவிட்டது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இச்சேவைகள் செய்வது ஒத்திசைவு. அதாவது கணினியில் செய்யும் மாற்றம் அப்படியே மேகத்திலும் நிகழும். கணினியில் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் மேகத்திலும் அது அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் அது 30 நாள் மட்டுமே இருக்கும். ஒரு மாதம் கழித்துக் கவனித்தால் மீட்க வழியில்லை.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஆகியவற்றைக் கணினியில் நிறுவினால், கோப்புகளின் பெயர்கள் திரையில் தெரியும். ஆனால் உள்ளடக்கம் மேகத்தில் மட்டுமே இருக்கக் கூடும். இணையம் இல்லாதபோது அவற்றைத் திறக்க இயலாது. கோப்புகளைக் கணினியிலும் முழுமையாக வைத்திருக்கும் அமைப்பை இரு சேவைகளும் தருகின்றன. அதைப் பயனரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூகுள் டாக்ஸில் எழுதிய ஆவணங்கள் இதிலும் வேறுபட்டவை. கணினிக் கோப்புறையில் அவற்றின் பெயரில் தெரிவது இணைய முகவரியைச் சுட்டும் சிறு கோப்பு மட்டுமே. அதைப் பென்டிரைவில் நகலெடுத்தால் எழுதிய எதுவும் உடன் வராது. ஆவணத்தை வேறு வடிவத்தில் தரவிறக்கினால்தான் உண்மையான பிரதி கிடைக்கும்.

காப்புப் பிரதிக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் எளிய விதி, ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்பது. கணினியில் ஒன்று, வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மேகத்தில் ஒன்று என வைத்தால் இவ்விதி நிறைவேறும். மேகப் பிரதி வெள்ளத்திலும் மண்சரிவிலும் காக்கும். ஹார்டு டிஸ்க் பிரதி, இணையம் இல்லாத நாளிலும் கணக்கு முடங்கிய நாளிலும் காக்கும்.

எந்த அலுவலக மென்பொருள்?

கட்டணம் செலுத்திப் பெறும் மைக்ரோசாப்ட் 365, பெரும்பாலான அலுவலகங்கள் எதிர்பார்க்கும் வடிவத்தில் கோப்புகளைத் தருகிறது. இணையம் இன்றியும் இயங்கும். அதன் இணையவழிப் பதிப்பு இலவசம் என்றாலும் இணைப்பு இருந்தால் மட்டுமே பயன்படும். ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019, விண்டோஸ் 10 ஆகியவற்றுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவடைந்தது. பழைய கணினிகளில் அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்துவோர் பாதுகாப்பு மேம்பாடுகள் இன்றி இயங்குகின்றனர்.

கூகுள் டாக்ஸ் இலவசமானது. ஒரே ஆவணத்தைக் கோவையில் இருப்பவரும் மறையூரில் இருப்பவரும் ஒருசேரத் திருத்தலாம். தமிழில் பேசித் தட்டச்சு செய்யும் வசதியும் உண்டு. இணையம் இல்லாதபோது பயன்படுத்த, இணைப்பு உள்ள வேளையிலேயே அதற்கான அமைப்பை இயக்கி வைத்திருக்க வேண்டும்.

லிப்ரே ஆபிஸ் முற்றிலும் இலவசமான கட்டற்ற மென்பொருள். ஓபன் ஆபிஸிலிருந்து 2010-இல் பிரிந்து உருவான இதை டாக்குமெண்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பு பராமரிக்கிறது. இது கணினியிலேயே இயங்குவதால் இணையம் தேவையில்லை. கேரள எல்லைப்பகுதி மக்களுக்கு இது அறிமுகமில்லாததும் அன்று. கேரள அரசின் கைட் நிறுவனம் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்தி வருவதால், அங்குப் பயிலும் பிள்ளைகள் லிப்ரே ஆபிஸைப் பாடமாகவே கற்கின்றனர். பெற்றோர் தயங்கும் இடத்தில் வீட்டிலுள்ள பத்தாம் வகுப்பு மாணவரே வழிகாட்டக் கூடும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ரைட்டர், ஷீட், ஷோ ஆகியவை மற்றொரு தெரிவு. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஆவணங்கள், அட்டவணைகள், விளக்கக்காட்சிகளுக்கு ஜோஹோவுக்கு மாறுவதாக 2025 செப்டம்பரில் அறிவித்ததையடுத்து இவை பரவலான கவனம் பெற்றன. இவையும் முதன்மையாக இணையவழிச் சேவைகளே. இணைப்பு குறித்த மேற்கண்ட எச்சரிக்கை இவற்றுக்கும் பொருந்தும்.

கோப்பு வடிவமும் எழுத்துருவும்

மென்பொருளைவிட நெடுங்காலம் வாழ வேண்டியது கோப்பு. லிப்ரே ஆபிஸின் ஓடிஎஃப் வடிவம் 2006-லும், மைக்ரோசாப்டின் டாக்எக்ஸ் உள்ளிட்ட வடிவம் 2008-லும் சர்வதேசத் தரங்களாக ஏற்கப்பட்டன. இரண்டையும் பல மென்பொருள்கள் திறக்கும் என்பதால், எந்த நிறுவனம் கட்டணத்தை உயர்த்தினாலும் வேறொன்றுக்கு மாற வழியிருக்கும். திருத்தம் தேவைப்படும் பணிக்கு டாக்எக்ஸ் வடிவிலும், முடிந்த பணிக்குப் பிடிஎஃப் வடிவிலும் அனுப்புவது பொதுவான வழக்கம். லிப்ரே ஆபிஸிலிருந்து இரண்டையும் பெறலாம். அட்டவணைகளின் அமைப்பு சில நேரம் மாறக் கூடும் என்பதால் அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டும்.

எல்லைப்பகுதியில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது எழுத்துரு. பழைய டிடிபி நிலையங்களின் தமிழ், மலையாள எழுத்துருக்களில் பல யூனிகோடு முறையைச் சார்ந்தவை அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆவணம் பொருளற்ற குறிகளாகத் தெரியும். மேகத்தில் தேடினாலும் சொல் அகப்படாது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை அதிகாரபூர்வக் குறியாக்கமாக ஏற்றது. யூனிகோடில் தட்டச்சு செய்தால் ஒரே ஆவணத்தில் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் இணைந்து நிற்கும்; செல்போனிலும் படிக்கலாம். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியின் உதவியால் யூனிகோடுக்கு மாற்றி வைப்பது, சேமிப்பகம் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

கணக்குப் பூட்டும் சட்டப் பொறுப்பும்

கணக்கைப் பாதுகாக்க இரட்டைச் சரிபார்ப்பு அவசியம். ஆனால் சிக்னல் கிடைக்காத மலைச்சரிவில் ஓடிபி குறுஞ்செய்தி வந்து சேராது. உரியவரே தமது கணக்கில் நுழைய முடியாமல் போகும். இதற்காகவே கூகுள் முன்கூட்டியே பத்து மாற்றுக் குறியீடுகளைத் தருகிறது. அவற்றைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்தலாம். சிக்னல் இன்றியும் குறியீடு உருவாக்கும் அங்கீகாரச் செயலிகளும் உள்ளன.

வாடிக்கையாளர் தரும் ஆதார் நகல், நிலப் பத்திரம், வங்கி விவரம் ஆகியவை பிறருடைய உடைமை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வேலை முடிந்தபின் தேவையற்ற நகல்களை அழிப்பதும், இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற வகையில் கோப்புகளைப் பகிராதிருப்பதும் நல்லது. அதேவேளை ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள், ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். எனவே அழிக்க வேண்டியவற்றையும் காக்க வேண்டியவற்றையும் தனித்தனிக் கோப்புறைகளில் வைப்பது உதவும்.

முதலில் செய்ய வேண்டியது

புதிதாகத் தொழில் தொடங்குபவர் கட்டணம் ஏதுமின்றி லிப்ரே ஆபிஸை நிறுவி, கோப்புகளைக் கணினியில் யூனிகோடில் உருவாக்கி, அவற்றின் பிரதியை ஏதேனும் ஓர் இலவச மேகச் சேமிப்பகத்தில் வைக்கலாம். பலருடன் இணைந்து திருத்த வேண்டிய பணி வந்தால் அதற்கு மட்டும் கூகுள் டாக்ஸையோ ஜோஹோவையோ பயன்படுத்தலாம். முக்கிய வாடிக்கையாளர் மைக்ரோசாப்ட் வடிவத்தையே வற்புறுத்தி, அட்டவணை அமைப்பில் அடிக்கடி சிக்கல் எழுந்தால் அப்போது சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.

தேர்வு சரியானதா என்பதை ஒரு மணி நேரத்தில் சோதித்துப் பார்க்க முடியும். வைஃபையையும் செல்போன் தரவையும் நிறுத்திவிட்டு, கடந்த மாதம் முடித்த மூன்று பணிகளின் கோப்புகளைத் திறந்து திருத்திச் சேமிக்க வேண்டும். பின்னர் ஹார்டு டிஸ்க்கில் உள்ள பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். இரண்டும் தடையின்றி நடந்தால் அந்த ஏற்பாடு மழைக்காலத்தைத் தாங்கும். ஏதேனும் ஒன்று திறக்கவில்லை என்றால், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்துக்கு முன் அதைச் சரிசெய்துவிடுவது நல்லது.