இடுப்பு வலிக்கு ஒரு ஆபரேஷன்

திருவாலங்காட்டு ரத்தின சபையைத் தரிசிக்கப் போகிறவர்கள் சென்னையில் அரக்கோணம் ரயில் ஏறி, நடுவிலேயே இறங்கிவிடுகிறார்கள். அதே தண்டவாளம் மேலும் மேற்கே காட்பாடிக்குப் போகிறது. காட்பாடிக்கு அடுத்தாற்போல் வேலூர். 1971-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக மாற்றுச் சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்திய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது.

சிறுநீரக வியாதிகளில் ஒன்று, குடும்பச் சொத்தைப் போல இறங்கி வருவது. சிறுநீரகம் முழுவதும் திராட்சைக் குலை மாதிரி நீர்க்கட்டிகள்! பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொத்தில் பெண்ணுக்குப் பங்கு தரத் தயங்குகிறவர்கள் உண்டு. இந்த வியாதி தயங்குவதில்லை.

சுமார் 11 சென்டிமீட்டர் நீளமுள்ள உறுப்பு, கட்டிகள் பெருகப் பெருக இரண்டு மூன்று மடங்காகிவிடும். மேலுறை இழுபட்டு விலாவும் இடுப்பும் வலிக்கும். கட்டிக்குள் ரத்தம் கசிந்தாலோ, சீழ் பிடித்தாலோ கேட்கவே வேண்டாம். நம் பெண்களோ, "வீட்டு வேலை அதிகம், அதனால்தான்" என்று கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். அந்த மாத்திரைகளில் பல, மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கக் கூடியவை.

மருந்துக்கு அடங்காத வலிக்குத்தான் ஆபரேஷன். ஒரே ஒரு பெரிய கட்டிதான் காரணம் என்றால் ஊசியால் நீரை இறக்கி, அது மறுபடி ஊறாமலிருக்க மருந்து செலுத்துவார்கள். கட்டிகள் பலவானால் அவற்றின் கூரையைச் சீவி எடுக்க வேண்டும். டென்மார்க் நாட்டு டாக்டர் ரோவ்சிங் 1911-லேயே கட்டிகளைக் குத்தி வடித்துக் காட்டினார். பிறகு, அதனால் சிறுநீரகத்துக்கே கெடுதல் என்ற சந்தேகம் எழுந்து அந்த முறை ஒதுக்கப்பட்டது. பிற்பாடு அச்சம் நீங்கி, 1990-க்குப் பின் சிறு துளைகள் வழியே குழாய் விட்டுச் செய்யும் முறையாகத் திரும்பி வந்தது.

கையெழுத்துப் போடுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த ஆபரேஷன் வலியைத்தான் போக்கும், வியாதியை அல்ல. 1992-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு வருஷம் கழித்துப் பத்தில் எட்டுப் பேர் வலியின்றி இருந்தார்கள். இரண்டாவது வருஷம் ஆறு பேர்தான். சிறுநீரகம் செயலிழக்கும் காலத்தை இது தள்ளிப் போடுவதில்லை. அதற்கு ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதே முதல் வழி.

சிறுநீரகத்தையே எடுத்துவிடுவது கடைசிப் படி. பெரும்பாலும் அது ஏற்கெனவே செயலிழந்தவர்களுக்குத்தான். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும்போதுகூடப் பழையதை வழக்கமாக எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் வைப்பார்கள். பழையது இடத்தை அடைத்தால் மட்டும் எடுப்பார்கள். அக்காளுக்குத் தங்கை தர முன்வந்தால், முதலில் தங்கைக்கு ஸ்கான் எடுத்துப் பார்ப்பார்கள். அவள் இளவயதுக்காரியானால் கட்டி இன்னும் கண்ணில் படாமல் இருக்கலாம். மரபணுச் சோதனையும் தேவைப்படும்.