தலைக்கு நாலு ரூபாய் நாற்பது காசு

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடலாம். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று 1996இலிருந்து நடக்கிறது. 12ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், இதற்காக ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83.2 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்று மத்திய அரசு வரம்பு வைத்தது. 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18.8 லட்சம். வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஆண்டுக்கு நாலு ரூபாய் நாற்பது காசு வருகிறது, அதுவும் பணம் முழுசாக வந்து சேர்ந்தால். உங்கள் கையில் இருக்கும் டீ, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இதைப்போல மூணு மடங்கு விலை.

மாநில அரசு தன் ஆஸ்பத்திரிகளுக்குச் செய்யும் செலவு தனி. அதையும் சேர்த்தால் தொகை கூடும், உண்மைதான். ஆனாலும் உலகம் முழுக்க நிலவரம் கிட்டத்தட்ட இப்படித்தான். நாடுகள் தங்கள் சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்குத் தருவது நூற்றுக்கு 2 ரூபாய் அளவில் நிற்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொன்னது. பணக்கார நாடுகளில் தலைக்கு 65 டாலர் வரை போகிறது, மிக ஏழை நாடுகளில் 4 சென்ட். வெளிநாட்டு உதவியை நம்பவும் வழியில்லை. சுகாதாரத்துக்கென்று வரும் உதவிப் பணத்தில் மனநலத்தின் பங்கு 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

நம் மத்திய அரசின் சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்கென்று நேரடியாக எழுதிவைப்பது 1 சதவீதத்தை ஒட்டி. அதிலும் பெரும்பங்கு ஒரே இடத்துக்குப் போகிறது, பெங்களூரு நிம்ஹான்ஸ். நாட்டின் முதன்மையான மனநல நிறுவனம். அது இருப்பது ஓசூர் ரோட்டில்.

இங்கேதான் நம் ஊர் ஒரு நல்ல பாடமாக அமைகிறது. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் போதும் என்றால், இந்தியாவிலேயே மனநலத்தில் கொடுத்துவைத்த ஊர் ஓசூராகத்தான் இருக்க வேண்டும். அத்திப்பள்ளி தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, டெய்ரி சர்க்கிள் என்று நாற்பது கிலோமீட்டருக்குள் போய் இறங்கிவிடலாம். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் முந்நூறு கிலோமீட்டர். இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் ஏன் வைத்தியம் பாதியில் நிற்கிறது?

ஒரு பேச்சுக்கு, சூளகிரிப் பக்கத்து ஆள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து, சிப்காட்டில் கான்ட்ராக்டர் மூலமாக வேலை. யாரோ பேசுவதுபோல் காதில் குரல் கேட்கிறது, தூக்கம் போய்விட்டது, வீட்டிலே எல்லார் மேலும் சந்தேகம். முதலில் கோயில், அப்புறம் மந்திரிப்பு, கடைசியில் மச்சான் ஒருவர் நிம்ஹான்ஸுக்குக் கூட்டிப்போகிறார். டாக்டர் சரியாகவே கண்டுபிடித்துவிடுகிறார். மாத்திரை கேட்கிறது, குரல் அடங்குகிறது. இது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போகிறது.

சிக்கல் மூன்றாவது மாதத்தில். மறுபடி போய்க் காட்ட வேண்டும். விடியற்காலை பஸ் ஏறி, ஓ.பி. வரிசையில் நின்று, இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். இவருக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு, கூட வருகிறவருக்கும் போச்சு. அட்டெண்டன்ஸ் போனஸ் இருந்தால் அதுவும் போச்சு. அதைவிடச் சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. சீட்டில் 'இரவு படுக்கும் முன்' என்று எழுதியிருக்கும். சி ஷிப்ட் வாரத்தில் இரவு படுக்கை ஏது? மாத்திரை போட்டுவிட்டு மெஷின் முன்னால் நின்றால் கண் சொருகுகிறது. சூப்பர்வைசர் கத்துகிறார். இவர் அந்த வாரம் மட்டும் மாத்திரையை விட்டுவிடலாம் என்று விடுகிறார். அடுத்த வாரமும் ஒன்றும் ஆகவில்லை. 'சரியாத்தானே இருக்கேன்' என்று அப்படியே நிறுத்திவிடுகிறார். பல வாரம் கழித்துக் குரல் திரும்பி வருகிறது.

இதைத் தடுக்கப் பேராசிரியர் தேவையில்லை. அவருடைய ஷிப்ட் அட்டவணை தெரிந்த, மாதம் ஒருமுறை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்க்கிற ஒரு ஆள் போதும். சி ஷிப்ட் வாரத்தில் எப்போது போடுவது என்று டாக்டரிடம் போனில் கேட்டுச் சொல்வார். மருந்தும் பெரிய செலவில்லை. ரிஸ்பெரிடோன், ஃப்ளூக்ஸெடின் எல்லாம் காப்புரிமை முடிந்து எப்போதோ மலிவாகிவிட்டன. மொத்தமாக மலிவு விலையில் வாங்க 1994இலேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வைத்தோம். பணம் போக வேண்டிய இடம் அந்தத் திண்ணையில் உட்காரும் ஆளின் சம்பளம். ஆனால் பட்ஜெட்டில் கட்டடத்துக்கு ஒரு வரி சுலபமாகக் கிடைக்கும், உலக மனநல நாளான அக்டோபர் 10ஆம் தேதி பதாகை பிடித்துப் பேரணி போகவும் கிடைக்கும். இந்த ஆளுக்கு மட்டும் நிரந்தரப் பணியிடம் கிடைக்காது.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1970களிலேயே நிம்ஹான்ஸ்காரர்கள் பன்னார்கட்டா பக்கம் சகலவாரா கிராமத்தில் இதைச் செய்துபார்த்தார்கள். 1985இலிருந்து 1990 வரை பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்துப் பெரிய அளவில் நடத்தினார்கள். அந்த பெல்லாரிதான் மாவட்ட மனநலத் திட்டத்துக்கே அச்சு.

கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழு ஒரு படி மேலே போனது. மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்கு ஆலோசனை சொல்லப் பழக்கி, சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தார்கள். 2010இல் வந்த முடிவுப்படி, அரசு நிலையங்களில் மனச்சோர்வு, மனப்பதற்றம் உள்ளவர்களில் நூற்றுக்கு 66 பேர் ஆறு மாதத்தில் தேறினார்கள். ஆலோசகர் இல்லாத இடங்களில் தேறியவர்கள் 43 பேர்கூட இல்லை. தனியார் டாக்டர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா பாட்டிமார்களைப் பழக்கி, ஆஸ்பத்திரி வாசல் மர பெஞ்சில் உட்காரவைத்தார். அது 2006இல் தொடங்கி இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நம் புதுக்கோட்டையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010இலிருந்து ஒரு பஸ்ஸுக்குள் வீடியோவில் டாக்டரைக் காட்டியது. எல்லோரும் பஸ்ஸைத்தான் போட்டோ எடுத்தார்கள், எனக்கென்னவோ பஸ்ஸுக்கு ஆளைக் கூட்டிவந்த களப்பணியாளர்தான் முக்கியமாகப் படுகிறார்.

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது எங்கே தெரியுமா? இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள். கதவைத் தட்டும் வழக்கம் வந்துவிட்டது. அப்படியென்றால் மனநல வேலையையும் அதே பெண்கள் தலையில் கட்டிவிடலாமே என்று உடனே தோன்றும். வேண்டாம். சொற்ப ஊக்கத்தொகைக்கு ஏற்கெனவே நூற்றுக்கணக்கான வீடு நடக்கிறவர்கள். அவர்கள் 'இந்த வீட்டில் ஒருத்தர் தூங்குவதில்லை' என்று சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு பார்க்கத் தனி ஆள் வேண்டும்.

அந்தத் தனி ஆளுக்கு எவ்வளவு செலவாகும்? மாவட்டத்தில் பத்து ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒருவர், மாதம் இருபதாயிரம் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 24 லட்சம். தலைக்கு ஒரு ரூபாய் முப்பது காசுகூட வராது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் அதிகம், அங்கே அந்த மொழி தெரிந்தவரைத்தான் போட வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரு ரூமில் பலராகத் தங்கியிருக்கும் பையன்களுக்கு இப்போதைக்கு 14416தான் வழி. 2022இல் வந்த டெலி மானஸ் எண், பல மொழிகளில் பேசுவார்கள், காசில்லை.

கம்பெனி வேலைக்காரர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. பிடிப்பார்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு இரண்டும் சேர்த்து மாதம் 600 ரூபாய். நீண்டகால நோய்கள் என்று இ.எஸ்.ஐ. வைத்திருக்கும் 34 நோய்களின் பட்டியலில் தீவிர மனநோயும் உண்டு. அதற்கு விடுப்பில் இருக்கும்போது சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது நடுவில் ஒரு மாதம் பிடித்தம் கட்டாமல் போனால் வம்பு அங்கேதான். சூளகிரிக்காரர் பழைய இ.எஸ்.ஐ. எண்ணைப் புதுக் கான்ட்ராக்டரிடம் கொடுத்து அதிலேயே கட்டச் சொல்ல வேண்டும். பிடித்தத்தை மாதாமாதம் போனிலேயே பார்க்கலாம், அதை அவருக்குக் காட்டிக்கொடுக்கும் வேலையும் அந்த இருபதாயிரம் சம்பளக்காரருடையதுதான்.